டிஸ்லெக்சியா பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

மூன்றாம் வகுப்பு முடியப்போகிறது. பிள்ளை கதையைக் கேட்டால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்கிறது, கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக வாங்கி வருகிறது. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் ஒரு வரிக்குள் நாலு இடத்தில் நிற்கிறது. டிஸ்லெக்சியாவாக (அறிவுக் குறைவு இல்லாமலே வாசிக்கவும் எழுதவும் தடுமாறும் கற்றல் குறைபாடு) இருக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், அடுத்த வாரமே யோசனைகள் வந்து குவியும்: மதுரையில் ஒரு மையம், திருச்சியில் ஒரு கண் பயிற்சி, தெருக்கோடியில் ஒரு மூளைப் பயிற்சி வகுப்பு. சேர்ந்து ஆறு மாதம் கழித்து, "கொஞ்சம் பரவாயில்லை போலத்தான் இருக்கு" என்று பெற்றோர் சொல்வார்கள். அந்தப் "போல"வில்தான் பணமும் பிள்ளையின் காலமும் போகின்றன.

ஒரு பயிற்சி பலன் தருகிறதா என்பதை வீட்டிலேயே அளக்கலாம். ஒரு நோட்டு, ஒரு கைபேசி, வாரத்துக்குப் பத்து நிமிடம் போதும். அந்த அளவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு பணம் கட்டுங்கள்.

1. கண், காது, பள்ளி: மூன்றையும் முதலில் பாருங்கள்

கண் பரிசோதனையும், கேட்கும் திறனை அளக்கும் ஆடியோகிராமும் எடுத்து, அறிக்கையைக் கோப்பில் வையுங்கள். அரசு மருத்துவமனையில் எடுத்தால் செலவு பேருந்துக் கட்டணம் மட்டும்தான். இவை இல்லாமல் போனால் உளவியலாளரே திருப்பி அனுப்புவார். ஒரு நாள் வீண்.

பள்ளியையும் பாருங்கள். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளை, யு.கே.ஜி. முதல் ஆங்கில வழியில் படித்து, இரண்டு மொழியையும் யாரும் நிதானமாகச் சொல்லித்தராமல் போயிருந்தால், அதன் வாசிப்பும் டிஸ்லெக்சியா மாதிரியே தெரியும். நன்றாகச் சொல்லிக்கொடுத்த மூன்று மாதத்தில் அந்தப் பிள்ளை வேகமாக ஏறிவிடும். டிஸ்லெக்சியா உள்ள பிள்ளை ஏறும், ஆனால் மெதுவாக. ஆகவே தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் சோதித்துப் பார்க்காத எந்த முடிவையும் ஏற்காதீர்கள்.

2. மதிப்பீடு: யாரிடம், எதைக் கொண்டுபோவது

குறைபாடு இருக்கிறதா என்று சொல்லத் தகுதி உள்ளவர், இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர் அல்லது மறுவாழ்வு உளவியலாளர். பயிற்சி தருபவர், அதே கழகத்தில் பதிவு பெற்ற சிறப்பாசிரியர். இருவருக்கும் பதிவு எண் இருக்கும். கழகத்தின் இணையதளத்தில் அதைச் சரிபார்க்கலாம். எண்ணைக் கேட்டால் தகுதி உள்ளவர் கோபப்பட மாட்டார். "பத்து வருட அனுபவம்" என்பது பதிவு எண்ணுக்கு ஈடாகாது.

கொண்டுபோக வேண்டியவை:

- கடைசி இரண்டு ஆண்டு மதிப்பெண் அட்டை
- பிள்ளை சொந்தமாக எழுதிய நோட்டு. கரும்பலகையைப் பார்த்து எழுதியது உதவாது. சொல்வதெழுதுதல் நோட்டும் பரீட்சைத் தாளும்தான் வேண்டும்
- வகுப்பாசிரியரின் ஒரு பக்கக் கடிதம்
- கண், காது அறிக்கைகள்
- பிறப்புச் சான்றிதழ், ஆதார் நகல்
- முன்பு எங்காவது சோதித்திருந்தால் அந்த அறிக்கையும் தேதியும்

தேதி எதற்கென்றால், அதே நுண்ணறிவுச் சோதனையைச் சில மாதங்களுக்குள் மறுபடி கொடுத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடிவிடும்.

முழுச் சோதனைக்குச் சில மணி நேரம் ஆகும். பல இடங்களில் இரண்டு அமர்வாகப் பிரிப்பார்கள். காலை முதல் பேருந்தில் மதுரைக்கு அழைத்துப்போய், களைத்த பிள்ளையை மாலை நாலு மணிக்குச் சோதனைக்கு உட்கார வைத்தால் முடிவு சரியாக வராது. முற்பகல் நேரம் கேட்டு வாங்குங்கள்.

இங்கே வழக்கமாக நடக்கும் தவறு, ஒரு பக்கக் கடிதத்தோடு திரும்பி வருவது. "கற்றல் குறைபாடு உள்ளது, சிறப்புப் பயிற்சி தேவை" என்ற இரண்டு வரியை வைத்து எதையும் செய்ய முடியாது. எந்த மொழியில் எந்தச் சோதனை, வாசிப்பு எந்த வகுப்பு அளவில் இருக்கிறது, எழுத்துப் பிழை எந்த வகை, ஒலிகளைப் பிரிக்கவும் சேர்க்கவும் வருகிறதா, கணக்கு எப்படி, எல்லாம் மதிப்பெண்ணோடு இருக்க வேண்டும். கையொப்பம், பதிவு எண், தேதி மூன்றும் வேண்டும். நுண்ணறிவு எண்ணை மட்டும் தரும் அறிக்கை பாதிச் சோதனை. அது வாசிப்பைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால், தலைமையாசிரியர் வழியாக உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தைக் கேளுங்கள். அங்கே உள்ளடக்கிய கல்விக்கான சிறப்பாசிரியர்கள் உண்டு, கட்டணம் இல்லை. காரைக்குடிக்காரர்களுக்கு அது சாக்கோட்டை ஒன்றியம்.

3. பயிற்சி தொடங்க மூன்று வாரம் முன்பே அளக்கத் தொடங்குங்கள்

இந்த ஒன்றைத்தான் யாரும் செய்வதில்லை. கட்டுரையில் மற்றதெல்லாம் மறந்தாலும் இதைச் செய்யுங்கள்.

பிள்ளையின் வகுப்புக்கு ஒரு வகுப்பு கீழே உள்ள பாடநூலை எடுங்கள். பிள்ளை இதுவரை படிக்காத பத்திகளாக நாற்பத்தைந்து (15 வாரத்துக்கு, வாரம் மூன்று) தேர்ந்து, நகல் எடுத்து எண் போட்டு வையுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் இணையத்தில் இலவசம். அரசுத் தொடக்கப் பள்ளிகளின் 'எண்ணும் எழுத்தும்' பயிற்சி நூல்களும் நல்லவை. அவை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்தே இருக்கின்றன.

ஆங்கிலத்தில் ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் என்று எண்ணுவார்கள். தமிழுக்கு அது ஒத்துவராது. "பூ" ஒரு சொல், "படித்துக்கொண்டிருந்தான்" என்பதும் ஒரு சொல். அதனால் தமிழில் எழுத்தை எண்ணுங்கள். உங்கள் நகலில் பத்து எழுத்துக்கு ஒரு பென்சில் கோடு போட்டுவிட்டால் எண்ணுவது எளிது. புள்ளி வைத்த எழுத்தையும் சேர்ப்பது என்றால் எப்போதும் சேருங்கள். இடையில் முறையை மாற்றாதீர்கள்.

வாரம் ஒரு நாள், ஒரே நேரத்தில், பிள்ளை சாப்பிட்டுத் தெளிவாக இருக்கும்போது மூன்று பத்திகள், ஒவ்வொன்றும் ஒரு நிமிடம். கைபேசியில் குரலைப் பதியுங்கள். ஒரு நிமிடத்தில் சரியாக வாசித்த எழுத்து எத்தனை என்று மூன்றுக்கும் எண்ணி, நடுவில் வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். 41, 48, 60 என்று வந்தால் 48. வாசிக்கும்போது திருத்தாதீர்கள், முகம் சுளிக்காதீர்கள்.

இதோடு இரண்டு சிறு சோதனைகள், மாதம் ஒருமுறை:

- பொருளே இல்லாத 20 சொற்கள்: மெகுதி, தோபலை, கைநுடி, சொமிப்பு இப்படி நீங்களே எழுதுங்கள். மனப்பாடமாகத் தெரிந்த சொல்லை ஒப்பிக்கும் பிள்ளை இங்கே மாட்டிக்கொள்ளும். எழுத்தை ஒலியாக்கும் திறன் உண்மையில் எவ்வளவு என்பது இதில்தான் தெரியும். ஒவ்வொரு மாதமும் புதுப் பட்டியல் வேண்டும்.
- 20 சொல் சொல்வதெழுதுதல். பிழையை எண்ணுவதோடு வகையும் குறியுங்கள்: புள்ளி விட்டது, கால் விட்டது, ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மாறியது, எழுத்தே விட்டது.

ஒரு எச்சரிக்கை. நம் பக்கம் பேச்சில் ழகரம் ளகரமாகத்தான் வரும். ஆயா "வாளப்பளம்" என்றால் பேரனும் அப்படியே சொல்வான். அதை வாசிப்புப் பிழையாக எண்ணாதீர்கள். ண-ன, ர-ற குழப்பமும் எல்லாப் பிள்ளைக்கும் உள்ளதே. கவலைப்பட வேண்டியவை வேறு: "கொடை"யை "கடை" என்று உயிர்க்குறியை விட்டு வாசிப்பது, முதல் எழுத்தைப் பார்த்து மீதியை ஊகிப்பது, நாலாம் வகுப்பிலும் ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுவது.

இன்னும் இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, அதே வகுப்பில் சாதாரணமாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் வாசிப்பு வேகம். பக்கத்து வீடோ சித்தி மகனோ போதும். இரண்டு, பயிற்சியில் தொடவே போகாத ஒரு திறன், உதாரணமாக ஒரு நிமிடத்தில் எத்தனை கூட்டல் கணக்கு. இவை ஏன் என்று 7ஆம் படியில் தெரியும்.

4. எந்தப் பயிற்சிக்கு ஆதாரம் உண்டு

டிஸ்லெக்சியா உள்ள பிள்ளைக்கு எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவை நேராக, வரிசையாக, திரும்பத் திரும்பக் கற்பிப்பதுதான் இதுவரை தேறி நிற்கும் வழி. 2014இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 22 சமவாய்ப்புச் சோதனைகளை (பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் குழுவாகப் பிரித்து ஒப்பிடும் ஆய்வுகளை) சேர்த்துப் பார்த்தது. ஒலிப்பயிற்சி, செவிப்பயிற்சி, வண்ணத் தாள், மருந்து என்று பலவற்றையும் அலசியதில், வாசிப்பிலும் எழுத்திலும் பலன் உறுதியானது இந்த எழுத்து-ஒலிக் கற்பித்தலுக்கு மட்டும்தான். குணமாக்கும் மருந்து எதுவும் கிடையாது.

தமிழில் இது எப்படி இருக்கும்? க் என்ற மெய்யும் ஆ என்ற உயிரும் சேர்ந்து கா என்பதைக் காதால் கேட்டு, வாயால் சேர்த்து, கையால் எழுதுவது. படம், மடம் என்று எளியதில் தொடங்கி, ஒரு குறி உறுதியான பிறகே அடுத்த குறி. கெ, கே, கொ, கோ நான்கையும் ஒரே நாளில் கொட்டினால் பிள்ளை நிச்சயம் குழம்பும். எழுத்தின் இடப்பக்கம் நிற்கும் கொம்பை ஒலியில் பின்னால் சொல்ல வேண்டியிருக்கிறது அல்லவா? அங்கேதான் நேரம் செலவிட வேண்டும். ஆங்கிலத்தில், "சி-ஏ-டி கேட்" என்று எழுத்தின் பெயரை ஒப்பிக்க வைப்பவர் ஒலியைக் கற்பிக்கவில்லை. "க்-ஆ-ட்" என்று ஒலியைச் சேர்க்க வைக்க வேண்டும்.

பிராண்டுப் பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். ஆர்ட்டன்-கில்லிங்கம் உலகெங்கும் பெயர் பெற்ற முறை. நல்ல கூறுகள் உள்ளது. ஆனாலும் 2021இல் வந்த தொகுப்பாய்வில் அதன் பலன் சாதகமாகத் தெரிந்தாலும் புள்ளியியல்படி உறுதிப்படவில்லை. ஆகவே பெயரைவிட, வகுப்பில் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- கண் பயிற்சி, வண்ணக் கண்ணாடி: அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் கண் மருத்துவ அமைப்புகளும் 2009இல் சேர்ந்தே சொல்லிவிட்டன, டிஸ்லெக்சியாவுக்கு இவற்றால் பலன் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று. பார்வைக் குறைவுக்குக் கண்ணாடி தேவைப்பட்டால் போடுங்கள், அது வேறு.
- கை ரேகை பார்த்து அறிவுத்திறன் சொல்லும் சோதனை, நடுமூளையைத் தூண்டுவதாகச் சொல்லும் மிட்பிரெயின் ஆக்டிவேஷன்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.
- சமநிலை உடற்பயிற்சி, கணினி வழிச் செவிப்பயிற்சி: வாசிப்பைக் கூட்டுவதாக உறுதியாகவில்லை.
- தொழில்வழிச் சிகிச்சை (ஆக்குபேஷனல் தெரபி): பென்சில் பிடி, கையெழுத்து மோசமாக இருந்தால் அதற்கு உதவும். வாசிப்புக்கு அதை நம்பாதீர்கள்.
- பேச்சுப் பயிற்சி: பேச்சோ மொழிப்புரிதலோ பின்தங்கியிருந்தால் அவசியம்.
- கவனக்குறைவுக்கான மருந்து: மனநல மருத்துவர் சொன்னால் கொடுங்கள், பிள்ளை உட்கார்ந்து கவனிக்க உதவும். எழுத்தைக் கற்பிக்க ஆள் தனியாக வேண்டும்.
- வல்லாரை: உணவாகச் சாப்பிடட்டும். பயிற்சிக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

5. மையத்தில் கேட்க வேண்டிய கேள்விகள்

நேரில் போங்கள். பிள்ளையை முதல் தடவை அழைத்துப்போக வேண்டாம்; பொம்மையும் வண்ணச்சுவரும் பார்த்துப் பிள்ளை ஆசைப்பட்டுவிட்டால் உங்களால் மறுக்க முடியாமல் போகும்.

"என் பிள்ளைக்கு அடுத்த 12 வாரத்தில் எந்தத் திறன் கூடும்? அதை எப்படி அளப்பீர்கள்?" இதற்குப் பதில், "தன்னம்பிக்கை கூடும், மூளை சுறுசுறுப்பாகும்" என்றால் எழுந்து வந்துவிடலாம். "உயிர்மெய்யில் நெடில் குறிகள் முடிப்போம், பொருளற்ற சொல் 20இல் 5 வாசிப்பவன் 12 வாசிப்பான்" என்பதுபோல் வந்தால் மேலே பேசுங்கள்.

"ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்கலாமா?" வேறு பிள்ளைகளின் அந்தரங்கத்துக்காக மறுத்தால் நியாயம். உங்கள் பிள்ளையின் வகுப்பையும் பார்க்கக் கூடாது என்றால் நியாயம் இல்லை.

வாரத்துக்கு எத்தனை நாள், குழுவில் எத்தனை பேர், எந்த மொழியில், எந்த ஆசிரியர், அவர் பதிவு எண் என்ன, விட்ட வகுப்புக்கு ஈடு உண்டா என்பதையும் கேளுங்கள். வாரம் 3 முதல் 5 நாள், 20 முதல் 40 நிமிடம் என்ற அளவே பிள்ளைக்கு ஏற்றது. சனிக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்பதில், செவ்வாய்க்கிழமைக்குள் பாதி மறந்திருக்கும்.

சாட்சிக் காணொளிகளை வைத்து முடிவெடுக்காதீர்கள். அரையாண்டு மதிப்பெண் அட்டையைப் பார்த்து அதிர்ந்த வாரத்தில்தான் பெரும்பாலான பெற்றோர் சேர்க்கிறார்கள். பிள்ளை ஆக மோசமாக இருந்த நேரம் அது. எதுவும் செய்யாவிட்டாலும் அடுத்த பரீட்சையில் கொஞ்சம் ஏறியிருக்கும். இடையில் ஆறு மாதம் பள்ளியும் நடந்திருக்கிறது, வயதும் கூடியிருக்கிறது. பலர் முதலிலும் கடைசியிலும் ஒரே பத்தியை வாசிக்கவைத்துக் காட்டுகிறார்கள். ஒரே பத்தியை ஆறு மாதம் கழித்து வாசித்தால் யாருக்கும் வேகம் கூடும்.

6. செலவு: ஒரு மணி நேரப் படிப்புக்கு எவ்வளவு

ஒரு உதாரணக் கணக்கு. வகுப்புக்கு 500 ரூபாய், வாரம் இரண்டு, 12 வாரம்: 24 வகுப்பு, 12,000 ரூபாய். இரண்டு பேருக்குப் போகவர 200 ரூபாய் என்றால் 4,800. மொத்தம் 16,800. கூட வருபவர் இழக்கும் கூலி தனி.

இப்போது ஒரு வகுப்பைப் பார்த்து, பிள்ளை உண்மையில் எழுத்தோடு செலவிட்ட நிமிடங்களை மட்டும் எண்ணுங்கள். 45 நிமிடத்தில் விளையாட்டு, உடற்பயிற்சி, படம் வரைதல் போக 15 நிமிடம்தான் வாசிப்பு என்றால், 24 வகுப்பில் 6 மணி நேரம். ஒரு மணிக்கு 2,800 ரூபாய் ஆகிறது. 35 நிமிடம் வாசிக்கவைக்கும் இடத்தில் 14 மணி நேரம். ஒரு மணிக்கு 1,200. வகுப்புக் கட்டணம் ஒன்றேதான்.

காரைக்குடியிலிருந்து மதுரையோ திருச்சியோ போய்வரப் பாதி நாள் போய்விடும். மதிப்பீட்டுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வைக்கும் அங்கே போங்கள். அன்றாடப் பயிற்சிக்கு உள்ளூர்ச் சிறப்பாசிரியரையோ காணொளி வகுப்பையோ பாருங்கள். வாரம் நாலு நாள் நடப்பது அப்படித்தான் சாத்தியம்.

ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். வேண்டாம். மாதாமாதம் கட்டி, ரசீது வாங்குங்கள்.

7. 12 வாரம் கழித்து முடிவெடுப்பது

ஜூனில் தொடங்கினால் காலாண்டுப் பரீட்சைக்கு முன் 12 வாரம் கிடைக்கும். அக்டோபரில் தொடங்கினால் தீபாவளி, அரையாண்டு, பொங்கல் என்று வகுப்பு விட்டுக்கொண்டே போகும். எதையும் முடிவு செய்ய முடியாது. மதிப்பீட்டை ஏப்ரல், மே மாதத்திலேயே முடித்துவிடுங்கள்.

இந்த 12 வாரத்தில் வேறு புது வகுப்பு எதிலும் சேர்க்காதீர்கள். அபாகஸும் டியூஷனும் கூடவே தொடங்கினால், எதனால் ஏறியது என்று உங்களுக்கே தெரியாது.

நோட்டை விரித்து இப்படிப் பாருங்கள். தொடங்கும் முன் மூன்று வாரமும் 48ஐ ஒட்டியே இருந்த பிள்ளை, 12 வாரத்தில் 70க்கு வந்திருக்கிறது. ஒப்பிட எடுத்த பிள்ளைகள் 110இலிருந்து 118க்கு வந்திருக்கிறார்கள். இடைவெளி 62 ஆக இருந்தது, இப்போது 48. பயிற்சி வேலை செய்கிறது, தொடருங்கள். மாறாக, உங்கள் பிள்ளை 56, மற்றவர்கள் 118 என்றால் இடைவெளி அப்படியே 62. அந்த 8 எழுத்து பள்ளியும் வயதும் தந்தது.

தொடாத கூட்டல் கணக்கும் அதே அளவுக்கு ஏறியிருந்தால், பிள்ளை பொதுவாகத் தெளிவடைந்திருக்கிறது என்று பொருள். வாசிப்புப் பயிற்சியின் தனிப் பலன் என்று சொல்ல முடியாது. வாசிப்பு ஏறி, பொருளற்ற சொற்கள் ஏறாமல் நின்றால், பிள்ளை சொற்களை மனப்பாடம் செய்கிறது. ஆசிரியரிடம் சொல்லி எழுத்து-ஒலிப் பகுதிக்குத் திரும்பச் சொல்லுங்கள். ஒரு வார இறக்கத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். காய்ச்சலும் திருவிழா அசதியும் எண்ணில் தெரியும்.

இடைவெளி குறையவே இல்லை என்றால் முதலில் வகுப்புகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். வாரம் மூன்று என்ற கணக்கில் 36 வகுப்பில் 20தான் நடந்தது என்றால் பயிற்சியைக் குறை சொல்ல முடியாது. நடந்தும் ஏறவில்லை என்றால், நோட்டைக் காட்டி முறையை மாற்றச் சொல்லுங்கள். இன்னும் 6 வாரம். பிறகும் அதே நிலை என்றால் இடத்தை மாற்றுங்கள்.

8. சான்றிதழும் தேர்வுச் சலுகையும்: பயிற்சியோடு சேர்த்தே நடக்கட்டும்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று; டிஸ்லெக்சியா அதில் அடங்கும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைப்படி மூன்றாம் வகுப்பு அல்லது 8 வயதில்தான் சான்றிதழுக்கான சோதனை தொடங்கும். 14 வயதிலும் 18 வயதிலும் மறுமதிப்பீடு. 2024இல் நெறிமுறை திருத்தப்பட்டிருப்பதால், உங்கள் பிள்ளைக்கு எந்தச் சோதனைகள் வேண்டும் என்று மருத்துவமனையில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். தனியார் உளவியலாளரின் அறிக்கை மட்டும் சான்றிதழ் ஆகாது. அரசு மருத்துவக் குழு தர வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டைக்கு (UDID) இணையத்தில் விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை. புகைப்படம், ஆதார், முகவரிச் சான்று, கையொப்பம் அல்லது கைரேகை வேண்டும்.

செட்டிநாட்டில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் சிவகங்கை மாவட்டம். ராயவரம், கோனாபட்டு, ராமச்சந்திரபுரம் புதுக்கோட்டை மாவட்டம். பிள்ளை காரைக்குடிப் பள்ளியில் படித்தாலும், ஆதாரில் ராயவரம் முகவரி இருந்தால் விண்ணப்பம் புதுக்கோட்டைக்குப் போகக்கூடும். விண்ணப்பிக்கும் முன் ஆதாரும் ரேஷன் அட்டையும் ஒரே முகவரியைக் காட்டுகின்றனவா என்று பாருங்கள்.

மாநிலப் பாடத்திட்டப் பொதுத் தேர்வில் ஒரு மொழிப்பாட விலக்கு, சொல்வதை எழுதுபவர், ஒரு மணி நேரம் கூடுதல் போன்ற சலுகைகள் உண்டு. சி.பி.எஸ்.இ.யில் மணிக்கு 20 நிமிடம், அதாவது 3 மணி நேரத் தாளுக்கு 60 நிமிடம் கூடுதல். இரண்டிலும் விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு ஜனவரியில் ஓடினால் கிடைக்காது. ஒன்பதாம் வகுப்பு ஜூனிலேயே மறுமதிப்பீட்டுக்குத் தேதி வாங்குங்கள். சொல்வதை எழுதுபவரை வைத்து எழுதுவதும் ஒரு பழக்கம். ஒன்பதாம் வகுப்பு அரையாண்டிலேயே அப்படி எழுதிப் பார்க்கப் பள்ளியிடம் கேளுங்கள்.

அசல் அறிக்கையையும் சான்றிதழையும் பள்ளியிலோ மையத்திலோ விட்டுவராதீர்கள். நகலைக் கொடுத்து, இன்னொரு நகலில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி, கையொப்பம், முத்திரையுடன் எழுதி வாங்கி, அதையும் அதே கோப்பில் வையுங்கள்.